அளவுக்கல்லாகிப் போன ஆமை

காட்டோரத்து மேடு ஒன்றில் கட்டாமை என்கிற ஒரு நிலத்து ஆமை தனியாக வாழ்ந்துவந்தது. தனியாக என்றால் அப்படியொரு தனிமை! கூடப் பிறந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்றுகூட அதற்குத் தெரியாது.

அந்த வழியே போகிறவர்கள் இல்லாமல் இல்லை. "என்ன ஆமையண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஆமை மெல்லத் தலையை நீட்டி, கண்ணைத் திறந்து, "சௌக்கியம், நீங்க..." என்று தொடங்கும்போது எதிரே வெறும் புழுதிதான் இருக்கும். பாவம், அது யாரிடம் சௌக்கியம் சொல்லும்? நாளடைவில் தலையை நீட்டுவதையே விட்டுவிட்டது.

மேட்டின் கீழே ஒரு குளம் இருந்தது. போன மழையில் குளம் கரைமேல் வழிந்து, கீழே முயல்கள் குடியிருந்த புல்வெளியை மூழ்கடித்துவிட்டது. ஆகவே இந்தக் கோடையில் கரையை உயர்த்திவிடுவது என்று விலங்குகள் கூடி முடிவு செய்தன. மண் சுமக்கப் பெருச்சாளிகள் முன்வந்தன. அளக்கும் வேலையை நாரை ஏற்றுக்கொண்டது. அளவு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது நாரையின் எண்ணம்.

கரை ஏறி இறங்காமல் ஒரே மட்டமாக இருக்க வேண்டுமானால், அசையாத கல் ஒன்று வேண்டும். அதன் உச்சியில் கண்ணை வைத்துப் பார்த்து, கரையின் உச்சியும் அதே மட்டத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். நாரை மேடெல்லாம் தேடிவிட்டு, புழுதி மூடிக் கிடந்த ஆமையின் ஓட்டை அலகால் தட்டியது. டொக்! டொக்!

"ஆகா, நல்ல உறுதியான கல்லு! இதுதான் நம்ம அளவுக்கல்லு!" என்று கூவியது.

உள்ளே ஆமைக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாராவது தன்னைத் தொட்டு எத்தனை காலமாயிற்று! 'நான் கல் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தது. சொன்னால் வேறு கல்லைத் தேடிப் போய்விடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் முதல் அந்த மேட்டில் ஒரே திருவிழாதான்! காலையில் நாரை வரும். மண் சுமந்து களைத்த பெருச்சாளிகள் வந்து ஊர்க்கதை பேசும். பெண்முயல் ஒன்று தினமும் வந்து ஓட்டில் சாய்ந்துகொண்டு தன் மனக்குறையை எல்லாம் சொல்லும். கல்லிடம் யாரும் பதில் கேட்கவில்லை. ஆமைக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

எல்லாரும் போனபிறகு பக்கத்துப் புல்லை அவசரமாக மென்றுவிட்டு, பழைய இடத்திலேயே வந்து படுத்துக்கொள்ளும். வெயில் தாங்காதபோது காலால் அடிமண்ணைக் கொஞ்சம் பறித்துத் தள்ளும். குளுகுளுவென்று இருக்கும். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று அது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. கிழக்கில் தொடங்கிய கரையும் மேற்கே போகப் போக இறங்கிக்கொண்டே போனது.

"அண்ணே, மேற்குப் பக்கம் தாழ்ந்தாப்புல இருக்கே?" என்றது ஒரு பெருச்சாளி.

"உன் கண்ணை நம்பவா, கல்லை நம்பவா? கல்லு பொய் சொல்லுமாடா? போய் மண்ணைச் சுமந்துட்டு வா!" என்று நாரை விரட்டியது.

ஆமைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையை நீட்டவில்லை.

கரை முடிந்த அன்று காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. முயல் ஓடிவந்து ஓட்டைத் தடவிக்கொடுத்தது. "நீ சாட்சியா இருக்கிற தைரியத்துலதான் என் மூணு குட்டிங்களையும் மேற்குக் கரைக்குக் கீழேயே படுக்க வச்சிருக்கேன். பால் குடிக்கிற பிள்ளைங்க. இனி பயமில்லே" என்று சொல்லிவிட்டுத் திரும்பியது.

ஆமை யோசித்தது. பேசினால் இத்தனை உறவும் இன்றோடு போய்விடும். பேசாவிட்டால் அந்தக் குட்டிகள் போய்விடும். முயல் தாவப் போகும் நேரம். பிறந்ததிலிருந்து எதற்கும் அவசரப்படாத ஆமை, ஒரே மூச்சில் தலையை வெளியே நீட்டியது.

"முயலக்கா, நில்லுங்க! நான் கல்லு இல்லே! ஆமை! நாலு விரல் கீழே இறங்கிட்டேன்! மேற்குக் கரை தாழ்ந்து கிடக்கு!"

முயல் அலறிய அலறலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஆமை குழியிலிருந்து எழுந்து நின்றது. மண்ணில் புதைந்திருந்த அளவுக்கு ஓட்டில் ஈரக்கறை தெரிந்தது. நாரை குனிந்து அளந்தது. சரியாக நாலு விரல்! அதன் முகம் தொங்கிவிட்டது.

"ஏமாத்துக்காரா! எங்க உழைப்பை எல்லாம் மண்ணாக்கிட்டியே!" என்று பெருச்சாளிகள் கத்தின. முயல் ஆமையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குட்டிகளைத் தூக்கிவர ஓடிவிட்டது. அதுதான் ஆமைக்கு அதிகமாக வலித்தது.

முதல் நாள் போட்ட கிழக்குக் கரை மட்டும் சரியான மட்டத்தில் இருந்தது. அதைக் கொண்டு மீதிக் கரையை மாலைக்குள் உயர்த்தினார்கள். அன்றே மழை கொட்டியது. விடிந்து பார்த்தபோது, தண்ணீர் கரையின் உச்சிக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

அதன்பிறகு கரையை அவ்வப்போது சரிபார்க்கத் தூரத்துப் பாறை ஒன்று அளவுக்கல் ஆயிற்று. கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது. மேட்டில் ஆமையும் அந்தக் காலிக் குழியும்தான் மிச்சம். முன்பாவது தனிமை பழகிப்போயிருந்தது. இப்போது ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அதன் மனம் ஏங்கியது.

ஒருநாள் டொக், டொக் என்று ஓட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆமையண்ணே, சௌக்கியமா?"

நாரையின் குரல். இந்நேரம் பறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஆமை மெல்லத் தலையை நீட்டியது. மெல்லக் கண்ணைத் திறந்தது. நாரை ஒற்றைக்காலில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"மெதுவா சொல்லுங்கண்ணே. தட்டிப் பார்த்தேனே தவிர, அன்னைக்கு நான் உங்களை யாருன்னு கேக்கலே" என்றது.

தனிமைக்குப் பயந்து பொய்யாக நின்றால் கூட்டம்தான் சேரும். இழக்கத் துணிந்து உண்மையைச் சொன்னவருக்கே உண்மையான துணை வாய்க்கும்.