யானை படுத்துக்கொண்ட பந்து

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. பின்னால் இருக்கிறவன் முன்னால் இருக்கிறவளின் சடையை விட்டுவிட்டுக் காதைக் கொடுக்கட்டும்.

ஒரு காட்டில் கூடைப்பந்து ஆடியே பிழைக்கிற விலங்குகள் சில இருந்தன. மருதமரக் கிளையில் அடியில்லாத பிரம்புக் கூடை ஒன்று தொங்கும். கொடியைச் சுருட்டிக் கட்டிய பந்து அதில் விழுந்தால் ஒரு புள்ளி. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பழத்தை வாசலில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஆடுகிறவர்களுக்கு அதுதான் சாப்பாடு.

பெரியகால் அணிக்கு யானை தலைவர். சின்னகால் அணிக்குச் சருகுமான் தலைவி. முயல் உயரம்தான் இருக்கும். உடம்பு பிடியளவு, மூளை மூட்டையளவு.

பொழுது சாயும்போது எந்த அணி முந்தி நிற்கிறதோ, அதற்கே வெற்றி. இதுதான் சட்டம். இதில் யானை ஒரு சுகம் கண்டுகொண்டது. நாலு புள்ளி முந்திவிட்டால் போதும், பந்தை வயிற்றுக்கடியில் வைத்துப் படுத்துக்கொள்ளும். வெயில் இறங்கும்வரை குறட்டைதான்.

"எழுந்திருங்க அண்ணே, ஆட்டம் நடக்குது" என்று சின்னகால் அணிக் குரங்கு அதன் வாலைப் பிடித்து இழுக்கும்.

"படுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு யானை மறுபடியும் கண்ணை மூடும்.

"தூங்குற யானையைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தேன்? என் வீட்டுக்காரர் இதைவிட நல்லாத் தூங்குவாரே" என்று காட்டுப்பன்றியம்மாள் போட்ட பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

நடுவர் கரடி பதறிப்போய் மயிலை ஆடவிட்டது, மரங்கொத்தியைக் கொட்டு அடிக்கவிட்டது. கூட்டம் வந்தது. மயிலைப் பார்த்தது. பந்து உருண்டதும் எழுந்து போய்விட்டது.

ஒருநாள் வாசலில் சூம்பிப்போன நாவற்பழம் ஒன்றுதான் கிடந்தது. சருகுமான் அதைக் குட்டி போட்டிருந்த முயலுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு யானையிடம் போனது.

"அண்ணே, காட்டுல ஒரு பேச்சு அடிபடுது. சொன்னா வருத்தப்படுவீங்க."

"சொல்லு."

"ஜெயிக்கிறது யானை இல்லையாம், சூரியனாம். அது மலைக்குப் பின்னால இறங்கலேன்னா உங்க பாடு திண்டாட்டமாம்."

யானையின் காது விடைத்தது. "எவன் சொன்னது?"

"வாயுள்ளவங்க எல்லாரும்தான். நீங்க ஏன் பொறுத்துக்கணும்? பொழுது சாஞ்சதும் சூரியனை வீட்டுக்கு அனுப்பிடுவோம். முந்தி நிக்கிறவங்க புள்ளியோட அஞ்சைக் கூட்டுவோம். அந்தக் கணக்கை யார் முதல்ல தொடுறாங்களோ, வெற்றி அவங்களுக்கு. அப்புறம் எவன் பேசுவான்?"

"ஒருவேளை நான் படுத்துக்கிட்டா?"

"தாராளமாப் படுங்க அண்ணே. வெற்றிதான் வராது."

யானை தும்பிக்கையைத் தரையில் அடித்தது. "சரி. கூப்பிடு காட்டை."

காடே வந்தது. பொழுது சாய்ந்தபோது பெரியகால் அணி முந்தித்தான் நின்றது. ஆனால் படுக்க வழியில்லை. தூங்கித் தூங்கிப் பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு யானை ஓடியது, மூச்சு வாங்கியது, மறுபடியும் ஓடியது. சருகுமான் அதன் நாலு கால்களுக்கும் நடுவே புகுந்து பந்தைத் தட்ட, குரங்கு தாவிக் கூடையில் போட, இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் யார் அடுத்த பந்தைப் போட்டாலும் வெற்றி என்று ஆகிவிட்டது. இரைதேடக் கிளம்பிய ஆந்தைகூடக் கிளையைவிட்டு அசையவில்லை.

யானை எட்ட நின்று எறிந்தது. பந்து கூடையின் விளிம்பில் சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. உள்ளே விழுந்தது.

காடு அதிர்ந்தது. "நானே ஓடினேன், நானே போட்டேன்" என்று யானை பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

குரங்கு மூக்கை உறிஞ்சியது. "தோத்துட்டோமே அக்கா."

"வாசலைத் திரும்பிப் பாருடா."

அங்கே பலாவும் மாவும் நாவலுமாகப் பழம் மலைபோலக் குவிந்திருந்தது. சருகுமான் துள்ளி ஓடி, காதுவரைக்கும் முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டது.

நீதி: படுத்துக் காத்த வெற்றிக்குக் கூட்டம் கலையும், ஓடிப் பெற்ற வெற்றிக்குக் காடே கூடும்.