அழிக்கலாமா?

வைஸ் பிரசிடெண்ட் சடகோபனுக்கு யார் கேள்வி கேட்டாலும் பிடிக்காது. மெஷின் கேட்டாலும் பிடிக்காது.

சிறுசேரி டேட்டா சென்டருக்கு, உள்ளே ஒரு மென்பொருளும் இல்லாத மொட்டை சர்வர்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றுக்கு ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தை ஏற்ற, ஒப்பந்த ஊழியர் ரெஜினா ஒரு கருவியைக் கன்டெய்னர் என்னும் மென்பொருள் பெட்டியில் போட்டு ஓடவிட்டிருந்தாள். அது ஓடும் கணினியின் வயரில் எந்த மெஷினைச் சொருகி ஆன் செய்தாலும், "இதில் இருப்பதையெல்லாம் அழிக்கலாமா?" என்று முதலில் கேட்கும். சரி என்றால் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றும்.

"மெஷினுக்கு மெஷின் ஒரு கேள்வியா? எடு அதை!" என்றார் சடகோபன், சென்டரைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த வாடிக்கையாளர்கள் முன்னால். "ஆனா தப்பா ஒரு மெஷின் அழிஞ்சாலும் உன் வேலை போச்சு."

ரெஜினா அந்தக் கேள்வியை எடுத்துவிட்டாள். "பெரியவங்க கையால ஆரம்பிக்கட்டும் சார். முதல் மெஷின் உங்க லேப்டாப்பாவே இருக்கட்டும்."

சடகோபன் பெருமையாக வயரைச் சொருகினார். சுவிட்சுக்குப் போன விரல் பாதியில் நின்றது.

"ஏம்மா, இதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடுமா?"

"அதைத்தான் சார் அதுவும் கேட்டுக்கிட்டிருந்துச்சு."

ஒரு வாடிக்கையாளருக்கு இருமல் வந்தது. சடகோபன் வயரை உருவினார். ரெஜினா, அவரைக் கேட்காமலே, கேள்வியைத் திரும்பப் போட்டாள்.