தரையில் படிந்த சங்கிலி

வெள்ளைக்காரத் துரைமார் கடிதம் எழுதியே ராஜாக்களை ஆட்டிவைத்த முன்னாளில், ஒரு மலைமேல் சின்னஞ்சிறு சமஸ்தானம் இருந்தது. ஒருநாள் ஏஜெண்டு துரையின் கடிதம் வந்தது. தெற்கு எல்லைக்கல்லிலிருந்து வடக்குக் கல் வரை பத்து மைல் இல்லாவிட்டால் சமஸ்தானம் சமவெளி ஜில்லாவோடு சேர்க்கப்படும். அரசர் ஆள் வைத்து அளந்து, திவான் ஒப்பமிட்டு அனுப்பும் அளவே முடிவு என்று அதில் கண்டிருந்தது.

பழைய வரைபடமோ ஒன்பது மைல் என்றது. அரசர் மனுக் கேட்டு நியாயம் சொல்லும் கச்சேரி கீழே சமவெளிக்குப் போய்விட்டால், ஒரு மனு கொடுக்க மலைஜனங்கள் இரண்டு நாள் இறங்கி நடக்க வேண்டும். அரசருக்குச் சோறு செல்லவில்லை.

அரசவை விகடர் மாசிலாமணிமேல் பொறாமை கொண்ட திவான் வெங்கோபராவ், எதற்கும் வழி சொல்கிறவர் அவர்தானே, அவரே அளக்கட்டும் என்றார். கலக்கத்தில் அரசரும் ஆணையிட்டுவிட்டார்: எல்லைக்கல்லை நகர்த்தாமல் பத்து மைல் காட்ட வேண்டும், இல்லையேல் மாசிலாமணி நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

மாசிலாமணி கடவுளை வேண்டியபடி தெற்குக் கல்லுக்குப் போனார். அங்கே அளவுச் சங்கிலி பிடிக்கும் சடையன் காலில் முள் தைத்து உட்கார்ந்திருந்தான். அவர் தம் கவலையைச் சற்று ஒதுக்கிவைத்து, முள்ளை எடுத்து, துண்டைக் கிழித்துக் கட்டினார். பேச்சுவாக்கில் சடையன் சொன்னான்:

"சரிவுல சங்கிலிய மட்டமா தூக்கிப் புடிக்கணும் சாமி, கையி கழண்டுபோவும். தரையில போட்டு இழுத்தா லேசு. ஆனா அளவு கூடிப்போவுமாம், சர்வே தொரை உடமாட்டாரு."

மறுநாள் அவையில் மாசிலாமணி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மகாராஜா, சங்கிலியைத் தூக்கிப் பிடித்து அளக்க அடியேனுக்கு அனுமதி உண்டா?"

சமவெளியில் பிறந்த திவானுக்கு இதில் ஏதோ சூது இருப்பதாகத் தோன்றிவிட்டது. "கூடாது. சங்கிலி முழுவதும் தரையில் படிய வேண்டும். தூக்கினால் அளவு செல்லாது" என்றவர், அதையே எழுதி ஒப்பமும் இட்டார்.

ஐந்து நாள் அளந்தார்கள். பள்ளத்தில் இறங்கி, பாறையில் ஏறி, சங்கிலி மலையோடு மலையாக ஊர்ந்தது. எட்டு மைல்தான் ஆகிறது, இன்னும் ஒரே ஒரு மேடுதான் மீதி என்று நான்காம் நாள் சேதி வந்தது. அரசர் பூஜையறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் அந்த மேடு செங்குத்தாக ஏறி இறங்கியது. வடக்குக் கல்லைத் தொட்டபோது அளவு பத்தேகால் மைல்.

இது மோசடி என்று திவான் பதறினார். மாசிலாமணி பணிவாகச் சொன்னார்: "தங்கள் உத்தரவுப்படியே செய்தோம் ஐயா. நம் ஜனங்கள் மிதித்து நடக்கிற மண்ணைத்தான் அளந்தோம். மூச்சு வாங்கி ஏறுகிறவனுக்கு அது என்றைக்குமே பத்து மைலுக்குக் குறைந்ததில்லை."

தாமே எழுதிய விதியைத் தள்ள முடியாமல் திவான் அந்த அளவிலும் ஒப்பமிட்டார்; அது இருந்ததால் ஏஜெண்டு துரையாலும் மறுக்க முடியவில்லை. பதில் கடிதம் வந்த அன்று அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் சால்வையை மாசிலாமணிக்குப் போர்த்தி, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"கச்சேரி நம் மலையிலேயே நிலைத்துவிட்டது, மகாராஜா. ஆனால் இந்தக் கவலையில் தாங்கள் அங்கே போய்ப் பல நாளாகிறது. மனுவோடு வந்தவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள்."

அரசர் சிரிப்பு அடங்காமலே எழுந்து, பல்லக்குக்குக்கூடக் காத்திராமல், கச்சேரிக்கு நடந்தார்.