இன்றைக்கு யார் கையில்

ஆனைமலை அடிவாரத்தில் இருந்தது தவமணி அம்மையின் மடம். அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் குழந்தைவேலுவோ அறுபதைத் தாண்டியவர், கோவையில் மில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவர் காலில் விழ அவருக்குக் கூச்சமே கிடையாது. பெற்ற மகளிடம்கூட இவ்வளவு பாசம் காட்டியதில்லை என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பார்.

மடத்தில் ஒரே ஒரு விதி உண்டு. பரிசாக வந்த எதையும் ஓர் இரவுக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. விடிந்ததும் அடுத்தவர் கைக்கு மாற்றிவிட வேண்டும். போன மார்கழியில் குழந்தைவேலு கொடுத்த சால்வை இப்படித்தான் மடமெல்லாம் சுற்றி, கடைசியில் அவர் தோளுக்கே வந்து சேர்ந்தது.

ஒருநாள் பூஜை நடுவில் அம்மை மயங்கி விழுந்தார். சிறு வயதிலிருந்தே அவருக்கு இதயத்தில் கோளாறு. சேதி கேட்ட மறுநாளே குழந்தைவேலு ஒரு ஸ்மார்ட் வாட்ச்சுடன் வந்து நின்றார்.

“இதைக் கட்டிக்குங்கம்மா. உங்க நாடித்துடிப்பு, தூக்கம் எல்லாம் கோவையில என் போன்லயே தெரியும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?”

“சும்மா பயந்துக்கிட்டு இருக்கறதுக்கு, பார்த்துக்கிட்டாவது இருப்பேனுங்க.”

அம்மை சிரித்தபடி கையை நீட்டினார். குழந்தைவேலுவே கட்டிவிட்டார்.

அன்று முதல் காலைக் காபிக்கு முன்னால் போனைப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் உடனே மடத்துக்கு அழைப்பார்.

“ராத்திரி சரியாத் தூங்கலையாம்மா? புரண்டு புரண்டு படுத்திருக்கீங்க.”

“அப்படியா காட்டுது? பார்க்கறேனுங்க.”

இன்னொரு நாள், “நேத்து ரொம்ப அலைஞ்சிருக்கீங்களே. உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“அப்படிங்களா? உட்காரச் சொல்றேன்.”

சொந்த உடம்பையே வேறு யாரோ மாதிரிப் பேசுகிறாரே, ஞானி என்றால் ஞானிதான் என்று குழந்தைவேலுவுக்கு மெய்சிலிர்த்தது. மனைவியைக் கூப்பிட்டு அதையும் சொன்னார். அந்த அம்மாள் காபியை வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு காலை போன் விடாமல் அலறியது. நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. மடத்துக்கு அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. தியான நேரம். காபியை மேலே கொட்டிக்கொண்டு, கட்டியிருந்த லுங்கியோடு காரை எடுத்தார். பொள்ளாச்சி வரைக்கும் அழுதுகொண்டேதான் ஓட்டினாராம், பிற்பாடு அவரே சொன்னது.

மடத்து வாசலில் தவமணி அம்மை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, லுங்கியோட?”

“உங்க நாடி...” என்றவரின் கண் அம்மையின் மணிக்கட்டுக்குப் போனது. ஒன்றுமில்லை. “வாட்ச் எங்கம்மா?”

“இன்னிக்கு மாராத்தா கையில.”

மாராத்தா மடத்தில் சமைப்பவர். அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

“வாயுப் பிடிப்புங்க. சுக்குத் தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும்.”

குழந்தைவேலு போனைத் திருப்பிக் காட்டினார். அம்மை மாராத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“காரைத் திருப்புங்க” என்றார்.

ஆஸ்பத்திரியில் வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். நேரத்தில் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்று சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

“இத்தனை நாளும் அது உங்க நாடியே இல்லைங்களா?”

“முதல் ராத்திரி என்னுது. அப்புறம் என் முறை வந்தப்ப மட்டும்.”

“புரண்டு படுத்தது?”

“நம்ம தோட்டக்காரர் சென்னியப்பன். பல்வலி. நீங்க சொன்ன பிறகுதான் கேட்டு, டாக்டர்கிட்ட அனுப்பினேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?”

“விதி உங்களுக்குத் தெரியாததுங்களா?”

“அது சால்வைக்குன்னு நினைச்சுட்டேன்.”

அம்மை சிரிக்கவில்லை. குழந்தைவேலுவின் லுங்கியில் இருந்த காபிக் கறையைப் பார்த்தார்.

“மாராத்தா நாடின்னு தெரிஞ்சிருந்தா, இப்படி ஓடி வந்திருப்பீங்களா?”

குழந்தைவேலு லுங்கியை மடித்துக் கறையை மறைத்தார்.

“வந்திருக்க மாட்டேனுங்க.”

அம்மை அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். குழந்தைவேலு எழுந்து உள்ளே போய், மாராத்தாவின் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து, மாராத்தா இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, காலையில் மடத்துப் போன் ஒலித்தது.

“அம்மா, நேத்து வாட்ச் யார் கையில இருந்துச்சு?”

“பேரைச் சொன்னாத்தான் கவலைப்படுவீங்களா?”

குழந்தைவேலு மெதுவாகச் சொன்னார்.

“பேரு வேண்டாமுங்க. யாரா இருந்தாலும் சரி, ராத்திரி பூரா தூங்கலை. கொஞ்சம் பக்கத்துல உட்கார்ந்து என்னன்னு கேளுங்க.”

“நான்தானுங்க அது” என்றார் அம்மை. “மாராத்தா நினைப்பாவே இருந்துச்சு.”