படித்தவர் உள்ளே இருந்தால்தான் அடுப்பு எரியும்

கொக்கரைப்பட்டி முதியோர் இல்லத்துச் சமையலறையில் மூன்று பேர். வேலாண்டி சமைப்பான். சடையப்பன் காய் நறுக்குவான். பொன்னுரங்கம் இருவர் சொல்வதும் சரி என்பான். மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள்.

ஒரு நாள் மேலதிகாரியின் கடிதம் வந்தது. 'உணவுப் படிப்பு படித்த ஒருவர் சமையலறையில் இல்லாதபோது அடுப்பு எரியக் கூடாது. செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு வருவேன். அதற்குள் பெரியவர்கள் சாப்பிட்டிருக்காவிட்டால் இல்லத்தை மூடிவிடுவேன்.'

செவ்வாய்க்கிழமை காலை டயட்டீஷியன் ரெஜினா வேலைக்குச் சேர்ந்தார். யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்கு உப்பு ஆகாது என்று எழுதிக் கொடுத்தார். உலையில் அரிசி விழுந்தது. அவருடைய செல்போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

"அம்மா வெளியே போயிட்டாங்க!" என்று சடையப்பன் அலறினான்.

வேலாண்டி ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டினான்.

திரும்பி வந்த ரெஜினா திகைத்தார். "ஏம்பா அணைச்சீங்க?"

"நீங்க இல்லையேம்மா."

காய்ந்த விறகு கொண்டுவந்து மறுபடி மூட்டினார்கள். ரெஜினா கண்ணாடி எடுக்கப் போனார். ஒரு குடம். கை கழுவப் போனார். இன்னொரு குடம். பதினொன்றரை ஆயிற்று. அரிசி அரிசியாகவே இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கோதண்டம் சார் கத்தினார். அந்தக் காலத்து டிரில் மாஸ்டர். "டேய், சாப்பிட்டாத்தான்டா நான் மாத்திரை போட முடியும்! என்னடா நடக்குது அங்கே?"

"சட்டம் நடக்குது சார்!" என்றான் பொன்னுரங்கம்.

மூவரும் மூலையில் கூடி யோசித்தார்கள்.

"எங்க ஆடு வெளியே போகாம இருக்க, நான் கட்டிப் போடுவேன்" என்றான் சடையப்பன்.

"சேச்சே! படிச்சவங்களைக் கட்டுறது மரியாதையா? பூட்டிடுவோம்" என்றான் வேலாண்டி.

"அதுதான் மரியாதை" என்றான் பொன்னுரங்கம்.

வேலாண்டி உள்ளே நின்று சமைத்தான். மற்ற இருவரும் வெளியே பூட்டிவிட்டு, ஜன்னல் வழியாகச் சோற்றையும் குழம்பையும் வாங்கிப் பரிமாறினார்கள். ரெஜினா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டே முக்காலுக்குக் கோதண்டம் சார் ஏப்பம் விட்டு மாத்திரை போட்டார்.

ஒரு மணிக்கு அதிகாரி வந்தார். எல்லா இலையும் காலி. முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! டயட்டீஷியன் எங்கே?"

"உள்ளே வச்சுப் பூட்டியிருக்கோம் சார்."

"என்னது! திறங்கடா!"

"வெளியே வந்துடுவாங்களே சார். ரசம் இன்னும் அடுப்புல இருக்கு."

"மடையனுங்களா! நானும் அதே படிப்புதான்டா படிச்சிருக்கேன்! நான் சொல்றேன், திற!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

கதவு திறந்தது. அதிகாரி பணிவோடு உள்ளே தள்ளப்பட்டார். ரெஜினா வெளியே வந்தார். கதவு மூடியது.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அதிகாரியின் முகம் தெரிந்தது. "அம்மா! திறக்கச் சொல்லுங்கம்மா!"

ரெஜினா நிதானமாக ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்தார். "ரசம் இறங்கட்டும் சார்."

உள்ளே வேலாண்டி அதிகாரிக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உட்காருங்க சார். ராத்திரிக்கு உப்புமா, காலையில இட்லி. உங்களுக்கு உப்பு ஆகுமா?"