மேல் வரிசைக் கணக்கு

வாரப் பத்திரிகைக்குக் கூட்டல் சுடோகு எழுதித் தரும் கனகசபாபதிக்குத் தலைகால் புரியாத கர்வம். அவருடைய புதிர் எங்கேயோ உதைக்கிறது என்று பிழை திருத்தும் தவமணி சொல்லிவிட்டாள். கேட்டதுதான் தாமதம், மனுஷர் ஆபீசுக்கே வந்து குதித்தார்.

"அச்சுக்குப் போகப் பத்து நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள இதைப் போட்டுக் காட்டு. முடியலைன்னா வேலையை விட்டுப் போ!"

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பதும் நடப்பதுமாக இருந்தார். கீழே இயந்திரம் உறுமியது. தவமணி ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை.

"நீங்க போட்டுப் பார்த்தீங்களா சார்?"

"ஒண்ணில்ல, மூணு தடவை!"

"ஒரு வரிசையில ஒண்ணுலேருந்து ஒன்பது வரை எல்லா எண்ணும் ஒரு தடவை வரணும். கூட்டினா நாற்பத்தஞ்சு. நீங்க மேல் வரிசையை மூணு துண்டாப் பிரிச்சு, பதினாலு, பதினொண்ணு, பத்தொன்பதுன்னு கூட்டுத்தொகை கொடுத்திருக்கீங்க. நாற்பத்து நாலுதானே ஆகுது?"

கனகசபாபதி விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

தவமணி பென்சிலைச் சீவி அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு சார். நாலாவது தடவையை இங்கேயே போட்டுக் காட்டுங்க."