சந்தானராயரின் சொந்தக் கண்டுபிடிப்பு

வெண்கரை ராஜ்ஜியத்தை ஆண்ட சொக்கலிங்க பூபதிக்குப் புதுமை என்றால் உயிர். எவனோ ஒரு புதுப் பொறி செய்திருக்கிறான் என்று காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு சட்டம் போட்டார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதைச் சபையில் வாசிக்கச் செய்து, மறுப்பவர் இல்லையென்றால் அரண்மனை உரிமையேட்டில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பத்து வருஷத்துக்கு அது அவருடையது. வேறு யார் அதைப் பயன்படுத்தினாலும் அவருக்குப் பங்கு தரவேண்டும்.

நல்ல சட்டம்தான். ஏட்டைக் கொண்டுபோய் அரண்மனை அதிகாரி சந்தானராயர் கையில் கொடுத்ததுதான் வினை.

ராயர் வாழ்நாளில் ஒரு சுத்தியலைக்கூடத் தூக்கியவரல்ல. ஆனாலும் மூன்றே வருஷத்தில் ஏட்டில் அவர் பெயரில் பதினான்கு கண்டுபிடிப்புகள் ஏறியிருந்தன. ராஜா அவரை "நம் விசுவகர்மா" என்றே அழைப்பார். ராயரும் அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

அந்தச் சபையில் கூத்தபிரான் என்று ஒருவர் இருந்தார். ராஜா கேட்கும் கோணல் கேள்விகளுக்கு நேரான பதில் சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம். ஒருநாள் அவர் வீட்டு வாசலில் வேம்பாயி வந்து நின்றாள். களத்தில் நெல் தூற்றிப் பிழைப்பவள்.

"காத்து வீசாத நாள்ல எனக்குக் கூலி கிடையாதுங்க ஐயா," என்றாள். "அதனால நாலு பழைய முறத்தை ஒரு அச்சுல கட்டி, பெட்டிக்குள்ள வெச்சு, கைப்பிடி போட்டுச் சுத்தினேன். பதரெல்லாம் பறந்துபோச்சு."

"பலே. ஏட்டில் பதிந்தாயா அம்மா?"

"பதியத்தான் கொண்டுபோனேன். பெட்டியை வெச்சுட்டுப் போ, பார்த்துச் சொல்றேன்னாரு ராயரு. தேரோட்டத்தன்னைக்கு ஊரே தெருவுல நிக்கும்போது, காலிச் சபையில வாசிச்சுத் தன் பேருக்கு முத்திரை போட்டுக்கிட்டாரு. இப்ப இன்னொரு பெட்டி செஞ்சு நான் சுத்தினா, மூணு படிக்கு ஒரு படி அவருக்கு அளக்கணுமாம்."

கூத்தபிரான் நேரே ராஜாவிடம் போனார். ராஜாவுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"சாட்சி உண்டா?" என்று கேட்டார்.

"அந்தப் பெட்டிதான் சாட்சி மகாராஜா. அது ராயர் வீட்டில் இருக்கிறது."

"முத்திரை விழுந்துவிட்டதே ஐயா. நான் போட்ட சட்டத்தை நானே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்? 'என்னுடையதல்ல' என்று ராயரே தம் வாயால் சொன்னாலொழிய என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை."

ராயராவது, அப்படிச் சொல்வதாவது! பேசிப் பேசியே பேர் வாங்கிய கூத்தபிரானுக்கு அன்று வெறுங்கையோடு திரும்புவது வெட்கமாக இருந்தது. களத்துக்குப் போய் வேம்பாயியிடம் நடந்ததைச் சொன்னார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை சபை நிறைந்திருந்தது. கூத்தபிரான் ஓர் ஓலையை நீட்டி, "நானும் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். பதிய வேண்டும்," என்றார்.

வழக்கப்படி ராயரே எழுந்து வாசித்தார். "பரவித்தை சுவீகாரம். அதாவது, பிறர் பெற்ற வித்தையை, பெற்றவர் தடுக்க முடியாதபடி எடுத்து, தன் பெயரிட்டு வளர்க்கும் உபாயம். கண்டுபிடித்தவர் கூத்தபிரான். இதனால் பயன் பெறுகிறவர்கள் இன்றுமுதல் தம் வருமானத்தில் பாதியை..." ராயர் குரல் தடுமாறியது. "பாதியை அவருக்குத் தரவேண்டும்."

"இதை முன்பே செய்துவருகிறவர் எவரேனும் உண்டா?" என்று ராஜா முறைப்படி கேட்டார். "இருந்து நிரூபித்தால் பதிவு செல்லாது."

ராயர் மனத்துக்குள் பதினான்கு கண்டுபிடிப்புகளும் இரண்டிரண்டாகப் பிளந்தன. "மகாராஜா, இது புதியதே அல்ல," என்றார்.

"அப்படியா? செய்தவர் யார்?" என்றார் கூத்தபிரான்.

"இருக்கிறார்கள்."

"பெயர் வேண்டும் ராயரே. இதற்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். ஏட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களால் ஆகிற காரியமல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விசுவகர்மா என்று கேட்டே பழகிய காது அல்லவா, சிவந்துவிட்டது.

"நான் செய்கிறேன். மூன்று வருஷமாகச் செய்கிறேன்," என்றார் ராயர்.

"ஒரு தடவை தற்செயலாக அமைந்திருக்கும். அதற்குப் பெயர் உபாயமா?"

"ஒரு தடவையா?" ராயர் ஏட்டைப் பிரித்தார். "இதோ, இரட்டைப் பூட்டு. வடக்குத் தெருக் கொல்லன் செய்தது. இதோ, மடக்கு ஏணி. ஒரு தச்சன் கொண்டுவந்தது. இதோ, காற்றுப்பெட்டி. களத்துக்காரி ஒருத்தியுடையது. பதினான்கும் இப்படித்தான். ஒன்றுகூட என்னுடையதல்ல. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?"

ஏட்டின் மேல் வைத்த விரலை எடுக்கவும் மறந்து ராயர் அப்படியே நின்றார்.

"தோற்றேன் மகாராஜா," என்றார் கூத்தபிரான் பணிவாக.

ராஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "கூத்தபிரான் பதிவு தள்ளுபடி. ராயர்தான் முந்தியவர். பதினான்கும் தம்முடையதல்ல என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், ஆகவே அவை உரியவர்களுக்கே போய்ச் சேரட்டும். இந்தச் சுவீகாரம் ஒன்றுதான் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பாதிப் பங்கு உள்பட அதை அவர் பெயரில் எழுதிவிட்டு, ஏட்டை வேறொருவர் கையில் கொடுங்கள்."

பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானிடம் நீட்டினார். கூத்தபிரான் இரண்டடி பின்வாங்கினார்.

"ஏனையா, வேண்டாமா?"

"யோசனை என்னுடையதல்ல மகாராஜா. 'அவரு பண்ற தொழிலையே உங்க பேருல எழுதிக்கப் போங்க, தன்னால கத்துவாரு' என்று சொல்லிக்கொடுத்தவள் வேம்பாயி. மாலையை நான் போட்டுக்கொண்டால், சட்டப்படி பாதி முத்தை ராயருக்கு எண்ணிக் கொடுக்க வேண்டிவரும்."